மஃப்ளர் புராணம்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் (பெரியம்மா பையன்) ஒருமுறை போனில் பெரியம்மாவிடம் புலம்பினான். "மஃப்ளர் போயிடுச்சும்மா, மாத்தறதுக்கு நானூறு டாலர் பிடுங்கிட்டான்." பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "நானூறு டாலருக்கு மஃப்ளரா? இங்க பஸ் ஸ்டாண்ட் வாசல்ல நூத்தம்பது ரூபாய்டா. உங்கப்பாவுக்கு வாங்கினது பத்து வருஷமா கிழியாம கிடக்கு. கேட்டிருந்தா யார்கிட்டயாவது குடுத்து விட்டிருப்பேனே!"

அவன் சொன்னது காருக்கு அடியில் இருக்கும் இரும்பு உருளையை. நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் சைலன்சர். பிரிட்டிஷ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டோம். அமெரிக்காவில் போய் 'என் சைலன்சர் ரிப்பேர், பாத்துக் குடுங்க' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் துப்பாக்கியைத்தான் நினைப்பார். அங்கே காருக்கு மஃப்ளர், துப்பாக்கிக்கு சைலன்சர், கழுத்துக்கு ஸ்கார்ஃப். நமக்குக் கழுத்துக்கு மஃப்ளர், காருக்கு சைலன்சர், துப்பாக்கிக்கும் அதே சைலன்சர். ஒரே இங்கிலீஷ்தான், ஆனா முடிச்சு வேற வேற இடத்துல :-)

கம்பளித் துணிக்கும் இரும்பு உருளைக்கும் எப்படி ஒரே பேர் வந்தது என்று தோண்டப் போனால், அது ஆயிரத்து இருநூறு வருஷம் பின்னாடி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதுக்கு முன்னாடி சின்ன இடைச்செருகல். 'மஃப்ளர்' என்று தமிழில் எழுதுவதிலேயே ஒரு இலக்கணத் தகராறு இருக்கிறது. ஆய்த எழுத்து வரவேண்டிய இடத்தைத் தொல்காப்பியம் கறாராகச் சொல்லிவிட்டது. முன்னால் குறில் இருக்கணும், பின்னால் உயிரோடு சேர்ந்த வல்லினம் இருக்கணும். அஃது, எஃகு, கஃசு எல்லாம் இந்தக் கணக்கில் பாஸ். மஃப்ளரில் முன்னால் குறில் சரி, பின்னால் வல்லினமும் சரி, ஆனால் அது உயிரில்லாத வெறும் 'ப்'. ஃபெயில்! நம்ம கடைக்காரர்கள் 'மப்ளர்' என்று பழுத்த தமிழறிஞர்கள் மாதிரி சொல்வது இதனால்தானோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தச் சொல் முதலில் கழுத்தில் இல்லை, கையில்தான் இருந்தது. பிரெஞ்சில் 'மூஃப்ள்' என்றால் விரல்களுக்குத் தனித்தனி இடமில்லாத தடித்த கையுறை. அதற்கும் முந்தையது இடைக்கால லத்தீனின் 'முஃப்யுலா'. கி.பி. 817 வாக்கில் ஆஹன் நகரில் துறவிகளுக்கு வகுத்த விதிகளில் இது வருகிறது. மடத்துச் சாமியார்களுக்கு வெயில் காலத்தில் சாதாரணக் கையுறை, குளிர்காலத்தில் ஆட்டுத்தோல் முஃப்யுலா கொடுக்கணுமாம். ஆக நம்ம மஃப்ளரின் கொள்ளுப்பாட்டன் ஒரு ஐரோப்பியச் சாமியாரின் கையில் இருந்திருக்கிறார். அந்த லத்தீன் சொல் எங்கேயிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலீஷில் 'மஃபிள்' என்று வினைச்சொல்லாக நுழைகிறது. பொருள், சுற்றி மூடுவது. அவ்வளவுதான். சத்தம் என்கிற பேச்சே கிடையாது. குளிருக்காக மூடலாம், அடையாளம் தெரியாமல் இருக்க மூடலாம், கண்ணைக் கட்டிவிடுவதற்கும் மூடலாம். 1530களில் 'மஃப்ளர்' என்கிற பொருள் வருகிறது, அதுவும் பெரும்பாலும் பெண்களின் சமாச்சாரமாக. மூக்குக்குக் கீழே வாய், தாடை, கழுத்து எல்லாவற்றையும் மறைக்கிற துணி. நம்ம ஊரில் ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே.

ஷேக்ஸ்பியரின் 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்கிற தொப்பை ஆசாமி, அடுத்தவன் வீட்டில் மாட்டிக்கொண்டு, பெண் வேஷத்தில் தப்பிக்கப் பார்ப்பார். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மஃப்ளர். வெளியே வரும்போது ஒருத்தர் மஃப்ளருக்குள்ளே தாடி இருப்பதைப் பார்த்துவிடுவார். 'ஹென்றி தி ஃபிஃப்த்' நாடகத்தில் அதிர்ஷ்ட தேவதை குருடி என்று காட்ட அவள் கண்ணுக்கு முன்னால் மஃப்ளர் கட்டி வரைவார்கள் என்று ஒரு பாத்திரம் விளக்கம் கொடுக்கும். ஒரே ஆசிரியர், ஒரே துணி, ஒரு இடத்தில் வாய்க்கு, இன்னொரு இடத்தில் கண்ணுக்கு.

மூடுகிறவர்களைப் பார்த்தால் ஆள்கிறவர்களுக்கு எப்பவும் ஒரு உதறல்தான். ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், 1458ல், அடையாளம் தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் தேவாலயத்துக்கோ சந்தைக்கோ வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். யாரும் பெண்களைக் கேட்டுவிட்டுப் போட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. மூடு என்று சொல்வதும் சரி, திற என்று சொல்வதும் சரி, எல்லா ஊரிலும் யாரோ ஒருத்தர் அரண்மனையிலிருந்து சொல்வதாகத்தான் இருக்கிறது.

நடுவில் சொல் திரும்பவும் கைக்கு ஒரு ட்ரிப் அடித்தது. லண்டனில் ஜாக் பிராட்டன் என்கிற குத்துச்சண்டைக்காரர் 1740களில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். துரைமார் வீட்டுப் பிள்ளைகள் மூக்கு உடைந்து வீட்டுக்குப் போனால் வியாபாரம் படுத்துவிடுமே, அதனால் பஞ்சு திணித்த கையுறையை அறிமுகப்படுத்தினார். அதற்கு அவர் வைத்த பேரும் 'மஃப்ளர்ஸ்'. இன்றைய பாக்ஸிங் கிளவுஸின் தாத்தா. இதே குடும்பத்தில் 'மஃப்' என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கையை நுழைத்துக்கொள்கிற உரோம உருளை. கிரிக்கெட்டில் கைக்கு வந்த கேட்சைக் கோட்டை விட்டால் இங்கிலீஷில் 'மஃப்' பண்ணிட்டான் என்பார்கள். மஃபுக்குள் கையை வைத்துக்கொண்டு எவன் பந்தைப் பிடிப்பான் என்கிற அர்த்தத்தில் வந்திருக்கலாம் என்று ஒரு ஊகம்.

இதுவரைக்கும் சத்தம் வரவே இல்லை, கவனிச்சீங்களா? மூடினால் சத்தமும் அடங்கும் என்பது குகையில் இருந்த காலத்திலேயே மனுஷனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இங்கிலீஷில் 'மஃபிள்' என்றால் சத்தத்தை அடக்குவது என்கிற பொருள் அகராதிக்கு 1760களில்தான் சாட்சியோடு வருகிறது. பக்க விளைவாக இருந்தது முக்கிய வேலையாக ஆகிவிட்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்குப் பிடித்த திருப்பமே இதுதான்.

படகுத் துடுப்பில் துணி சுற்றுவது அப்படி ஒன்று. துடுப்பு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் துணியைச் சுற்றினால் 'கிறீச்' வராது. 1775 ஏப்ரல் 18 ராத்திரி, பிரிட்டிஷ் படை கிளம்புகிறது என்று எச்சரிக்க பால் ரெவியர் பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றைப் படகில் கடந்தார். பக்கத்திலேயே 'சாமர்செட்' என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. துடுப்பில் சுற்றத் துணி இல்லாமல் முழித்தபோது, படகோட்டிக்குத் தெரிந்த ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தன் உள்பாவாடையைக் கழற்றிப் போட்டாள், அது இன்னும் சூடாக இருந்தது என்று அந்தக் குடும்பத்தில் கதை சொல்வார்கள். நிஜமோ இல்லையோ, சூடு என்கிற விவரத்தைச் சேர்த்தவர் நல்ல கதைசொல்லி.

அடுத்தது சாவு. ஐரோப்பிய ராணுவ இறுதி ஊர்வலங்களில் டிரம்மைக் கறுப்புத் துணியால் மூடி அடிப்பார்கள். அடியில் இருக்கும் நரம்புகளையும் தளர்த்திவிடுவார்கள். அதனால் 'டமடம' இருக்காது, 'தொம்... தொம்' என்று வரும். 1963 நவம்பர் 25ல் கென்னடியின் இறுதி ஊர்வலத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு மறக்காத சத்தம் அந்த மூடிய டிரம்தான்.

நம்ம ஊர் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள், நேர் எதிர். பறையை வைக்கோல் போட்டுக் கொளுத்திய தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள். தோல் இறுகும், சத்தம் தெறிக்கும். அங்கே தோலைத் தளர்த்தித் துணி போர்த்துகிறார்கள், இங்கே தோலை இறுக்கி ஊருக்கே கேட்கவைக்கிறார்கள். துக்கம் ஒன்றுதான். எது நாகரிகம் என்று பட்டிமன்றம் வைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அடக்கி வாசிப்பதுதான் மரியாதை என்று நமக்கு யாராவது பாடம் எடுத்தால் எனக்குக் கொஞ்சம் சுர்ருனு வரும்.

சர்ச் மணிக்கு வருவோம். இங்கிலாந்தில் கோபுர மணிகளைச் சக்கரத்தில் கட்டி முழுவட்டமாகச் சுழற்றுவார்கள். போகும்போது ஒரு அடி, வரும்போது ஒரு அடி. துக்க நாட்களில் மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் பட்டையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டைக்குப் பேரும் 'மஃபிள்'தான். அப்போது முதல் அடி கணீரென்று விழும். அடுத்தது, யாரோ தூரத்து மலைக்குப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்வது மாதிரி மங்கலாக வரும். ஒரு சத்தம், அதன் நிழல். மறுபடி சத்தம், மறுபடி நிழல். இதைத்தான் அரை மஃபிள் என்பார்கள். நாக்கின் இரண்டு பக்கமும் கட்டி முழுசாக மூடுவது அபூர்வம், முக்கியமாக அரசரோ அரசியோ இறந்தால் மட்டும். 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அப்படித்தான் மூடி அடித்தார்கள். எழுபது வருஷ ஆட்சி முடிந்து, நாடு பூராவும் ஒரே நாளில் மஃபிள் தேடினால் எங்கே போவது? தோல் பட்டைக்குத் தட்டுப்பாடு என்று அப்போது செய்தியே வந்தது.

இப்போ இரும்பு உருளை.

பெட்ரோல் எஞ்சின் வந்த புதுசில் அதன் சத்தம் குதிரைகளை மிரள வைத்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸும் அவர் சகோதரரும் 1897ல் எஞ்சின் புகைக்கான மஃப்ளருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். (இந்த மில்டன் ரீவ்ஸ்தான் 1911ல் எட்டுச் சக்கரம் வைத்து 'ஆக்டோஆட்டோ' என்று ஒரு கார் செய்தவர். நாலு சக்கரம் குலுங்குகிறதா, எட்டு போட்டுப் பார் என்கிற கட்சி. காரை வாங்கத்தான் ஆள் வரவில்லை.) சீறிக்கொண்டு வரும் புகையை ஒரு பெரிய அறைக்குள் விட்டு, துளை போட்ட குழாய்கள் வழியாகச் சுற்றவிட்டு, வேகத்தைக் குறைத்து மெதுவாக வெளியே அனுப்புவதுதான் உள்ளே நடக்கும் வேலை. எஞ்சினின் வாயில் கட்டிய துணி என்பதால் பேர் தன்னால் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையில் வருகிற அப்பா-பிள்ளை ஜோடியை விட்டுவிட்டால் பாவம் வந்து சேரும். அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், 1880களில் மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சாய்த்த துப்பாக்கி அது. 1898ல் சூடானில் ஓம்துர்மானில் என்ன நடந்தது என்று படித்தால் சோறு இறங்காது. வாழ்க்கை முழுக்கத் தன் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அவருடைய காது போய்விட்டது. பிள்ளை ஹைரம் பெர்சி மாக்சிம் அமெரிக்காவிலேயே இருந்து கார் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். குளியல் தொட்டியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து, துப்பாக்கி வாயில் வரும் வாயுவையும் இப்படிச் சுழற்றிவிட்டால் என்ன என்று யோசித்தாராம். 1909ல் காப்புரிமை. அதற்கு அவர் வைத்த பேர் 'சைலன்சர்'. அப்பன் காதைச் செவிடாக்கினார், பிள்ளை செவிடாக்காத துப்பாக்கி செய்தார், சுடுபட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னாளில் அதே உத்தியை எஞ்சின்களுக்கும் ஆலைகளுக்கும் திருப்பினார் மகன்.

எனக்கென்னவோ இரண்டு பேரில் மஃப்ளர்தான் நேர்மையான பேர் என்று படுகிறது. சைலன்சர் என்பது பொய். எந்த சைலன்சரும் சத்தத்தை ஒழிப்பதில்லை, போர்த்தி அனுப்புகிறது. துணி போர்த்தினால் சத்தத்தின் மேல் ஸ்தாயிதான் அதிகம் தின்னப்படும், கீழ் ஸ்தாயி தப்பித்து வந்துவிடும். பக்கத்து வீட்டு டிவியில் வசனம் புரியாது, அடிதடி இசை மட்டும் சுவரில் 'டும் டும்' என்று வருமே, அதுதான் மஃபிள். ஆரம்பகாலக் கார்களில் மஃப்ளரைத் தவிர்த்துப் புகையை நேராக வெளியே விட ஒரு கைப்பிடியே இருக்கும். மேடு ஏற சக்தி வேணும் என்பது சாக்கு, ஊரை எழுப்புவது நோக்கம். அங்கே பல நகரங்கள் அதைத் தடை செய்தன. புல்லட்டில் சைலன்சரை மாற்றிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் முறுக்கிப் போகிற நம்ம தம்பிகளின் பாட்டன்கள் அவர்கள். நம் நாட்டிலும் சில ஊர்களில் போலீஸ்காரர்கள் பிடுங்கிய சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றினார்கள். அந்த வீடியோவை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அல்ப சந்தோஷம்.

இன்னும் இரண்டு இடத்தில் இந்தச் சொல் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. ஒன்று அரசியல். 2014 கடைசியில் தலையைச் சுற்றிக் கட்டிய மஃப்ளரோடு அரவிந்த் கெஜ்ரிவாலை 'மஃப்ளர்மேன்' ஆக்கிவிட்டார்கள், கிண்டலாக ஆரம்பித்து விளம்பரமாக முடிந்தது. 2015 பிப்ரவரியில் டெல்லியில் 70க்கு 67. இன்னொன்று உலை. எஞ்சினியரிங் லேபில் 'மஃபிள் ஃபர்னஸ்' பார்த்திருப்பீர்கள். நெருப்பும் புகையும் நேரடியாகப் படாமல் பொருளை மூடி வைக்கிற பெட்டிக்குத்தான் அங்கே மஃபிள் என்று பேர். பழைய, சத்தமில்லாத பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. தங்கத்தின் தரம் பார்க்கும் நெருப்புச் சோதனை இதற்குள்தான் நடக்கும். துளித் தங்கத்தை வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி உள்ளே வைத்தால், ஈயம் மற்ற கலப்படத்தை இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போடுவார்கள்.

2020ல் உலகம் பூராவுமே வாயில் மஃப்ளர் கட்டியது. எங்கள் வீட்டில் அதனால் ரொம்பக் கஷ்டப்பட்டது அப்பா. அவருக்குக் காது மந்தம், மெஷின் வைத்தாலும் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அது எங்களுக்கே தெரியாது, அவருக்கும் தெரியாது. மாஸ்க் வந்த பிறகு பேங்கில், மருந்துக் கடையில், டாக்டரிடம் எல்லா இடத்திலும் "என்ன? என்ன?" என்றார். "எல்லாரும் போர்வைக்குள்ள இருந்து பேசறாங்கடா" என்றார். மாஸ்க் தின்பதும் அதே மேல் ஸ்தாயியைத்தான். ச, ஸ, ட மாதிரி எழுத்துக்களின் கூர்மை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சத்தம் வரும், சொல் வராது. கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். புரிந்து ஆட்டுகிறாரா, நம்மை அனுப்பிவிட ஆட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்த அந்த நாட்களில், மருத்துவம் படித்த ஒரு நண்பர் சொல்லித்தான் இந்தச் சொல்லின் கடைசி முகவரி எனக்குக் கிடைத்தது. அது நெஞ்சுக்குள்ளே இருக்கிறது.

இதயத்தைச் சுற்றி ஒரு பை உண்டு. கத்திக்குத்தோ விபத்தோ நோயோ, அந்தப் பைக்குள் ரத்தமோ நீரோ சேர்ந்தால் இதயம் விரிய இடமில்லாமல் நசுங்கும். வேகமாகச் சேர்ந்தால் ஒரு டம்ளர் அளவே ஆளை முடித்துவிடும். 1935ல் கிளாட் பெக் என்கிற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளம் சொன்னார். ரத்த அழுத்தம் விழும், கழுத்து நரம்பு புடைக்கும், மூன்றாவது, இதயத்தின் சத்தம் 'மஃபிள்' ஆகும். மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். லாங்ஃபெல்லோ என்கிற அமெரிக்கக் கவிஞர் 1838லேயே மனித இதயத்தை மூடிய டிரம்மோடு ஒப்பிட்டவர். அவர் உவமையாகச் சொன்னது, நூறு வருஷம் கழித்து ஸ்டெதஸ்கோப்பில் நிஜமாகவே கேட்டது.

மூன்றும் ஒன்றாக எல்லாரிடமும் தெரிவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் கூச்சலில் இதயச் சத்தம் மங்கலா இல்லையா என்று கேட்பதே பெரும்பாடு, அதனால் இப்போதெல்லாம் எக்கோ வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததும் ஊசியை நெஞ்செலும்புக்குக் கீழே இறக்கி நீரை இழுப்பார்கள். முழுசாக எடுக்கக்கூட வேண்டாம், கொஞ்சம் மில்லி வெளியே வந்தாலே அழுத்தம் ஏற ஆரம்பிக்கும். மூடியிருந்த லப்-டப் திரும்பக் கேட்கும்.